கல்லில் சர்க்கரை இல்லை

அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் எல்லோருடைய மூத்திரத்தையும் பக்கத்து வீட்டு அக்கா காய்ச்சிப் பார்த்திருக்கிறார். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது. நடந்தது அதுதான்.

நாலு குடித்தனம், நடுவில் ஒரு அடிபம்பு. என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கணவருக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. அவரை நாங்கள் அண்ணாச்சி என்போம், இவரை அக்கா என்போம். பெயர் சொல்லிக் கூப்பிட்ட நினைவு எனக்கு இல்லை.

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. அது எண்பதுகளின் கடைசி. விரலில் குத்தி உடனே பார்க்கிற மிஷின் எல்லாம் எங்கள் பக்கம் வரவில்லை. மெடிக்கல் ஷாப்பில் ஒரு நீல மருந்து விற்பார்கள். கண்ணாடிக் குழாயில் அதைக் கொஞ்சம் ஊற்றி, மூத்திரத்தில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் கூட. செங்கல் நிறம் வந்தால் நிறைய. காலையில் பின்வாசல் படியில் உட்கார்ந்து, இடுக்கியில் குழாயைப் பிடித்துக்கொண்டு, அந்த நிறம் மாறுவதையே அக்கா பார்த்துக்கொண்டிருப்பார். அடுப்பில் சோறு தீய்ந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

தன்னுடையதைப் பார்த்ததோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"ஏட்டி, உன்னோடதையும் கொஞ்சம் கொண்டா."

"எதுக்குக்கா? எனக்கின்னா கேடு?"

"கேடு இல்லன்னு யாரு பாத்தா? சும்மா கொண்டா, பாப்போம்."

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை செய்தவர். அவரிடமும் அக்கா கேட்டார். "இன்னாடி இது, ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட அக்காவாண்ட சொல்லிட்டுப் போவணுமா?" என்று என்னிடம் கத்தினார். மறுநாள் இருமல் மருந்து பாட்டிலில் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். அக்கா ஆள் அப்படி. முகத்துக்கு நேரே நின்று கண்ணை விரித்துக்கொண்டு கேட்டால் தராமல் இருக்க முடியாது. என் வீட்டுக்காரருடையது நீலமாகவே நின்றது. என்னுடையதும் நீலம். அக்காவுக்கு அதில் ஏமாற்றம்தான். பரீட்சையில் பெயிலாகிவிட்ட பிள்ளைகளைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தார்.

வீட்டின் சொந்தக்காரர் முன்போர்ஷனில் இருந்தார். அவருடையது செங்கல் நிறமாகிவிட்டது. டாக்டரிடம் போனார், சர்க்கரை உறுதியானது. அன்றிலிருந்து அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். "நல்லாத்தான் இருந்தேன், இந்தம்மா காய்ச்சிதான் எனக்கு வந்திச்சு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அக்காவுக்குக் கோபமே வரவில்லை. "அவரு இத்தனை வருசமா தெரியாமலா இருந்தாரு? ஒண்ணுக்குப் போன இடத்துல எறும்புகூடவா வரல? கேக்கணுமே" என்று அதிலேயே நின்றார்.

இப்படி ஒரு பெண்ணை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மற்றவர்கள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய், கடவுள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு வருவார்கள். அக்கா வெறும் கையோடு போய் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கன வலிக்கு? குத்துதா, பிசையுதா?" என்று ஆரம்பிப்பார். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சில பேர், குறிப்பாக வயசானவர்கள், மணிக்கணக்காகப் பேசுவார்கள். அவர்களிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அக்காவிடம் இருந்த ஒரே சங்கடம், எதையும் கண்ணால் பார்க்க வேண்டும், இல்லையென்றால் வலி என்று ஒன்று இருக்க வேண்டும். இரண்டும் இல்லாததை அவர் நம்ப மாட்டார். அந்தக் குணம் அவர் உயிருக்கே வந்து நின்றது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வலி வந்தது எனக்கு.

ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவவில்லை, வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழே யாரோ கையை விட்டுத் திருகியதுபோல இருந்தது. தரையில் உருண்டேன். என் சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தார். வந்து என்ன செய்தார்? தண்ணீர் கொடுத்தாரா? இல்லை. என் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தார்.

"எங்கன? இங்கனயா? தோளுக்கு ஏறுதா?"

"ஐயோ, ஏறுதுக்கா!"

"முதுகுக்கும் வருதா? விட்டு விட்டா, ஒரேடியாவா?"

"நான் சாவுறேன், நீ இன்னா பேட்டியா எடுத்துகினு கீற?" என்று கத்தினேன்.

"சாவ மாட்ட. கத்துத கத்துல தெம்பு இருக்கு. சொல்லு, விட்டு விட்டா?"

அம்பத்தூரில் நாங்கள் எப்போதும் போகிற டாக்டர் அண்ணா நகருக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பினார். பித்தப்பையில் கல். வயிற்றைக் கீறித்தான் அப்போது எடுப்பார்கள். ஒரு சாண் தழும்பு இன்னும் இருக்கிறது. எடுத்த கற்களை ஒரு சின்ன பாட்டிலில் போட்டு எங்கள் கையில் கொடுத்தார்கள். கொண்டைக்கடலை மாதிரி, மஞ்சளும் பழுப்புமாக. எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. அக்கா அந்த பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

தையல் பிரிக்க அம்பத்தூர் டாக்டரிடம் போனபோது அக்காவும் கூட வந்தார். டாக்டர் என்னிடம், "உங்களுக்கு இப்ப சுகர் இல்ல, ஆனாலும் அப்பப்ப பாத்துக்குங்கம்மா. சுகர் இருக்கிறவங்களுக்குப் பித்தப்பைக் கல் அதிகமா வரும்" என்றார்.

நான் தலையாட்டினேன். அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "ஏன் டாக்டர்?"

"என்னம்மா ஏன்?"

"சர்க்கரை ரத்தத்துல இருக்கு. கல்லு பித்தப்பையில இருக்கு. அது ஏன் இதுக்கு வரணும்?"

வெளியே கூட்டம் இருந்தது. டாக்டர் சிரித்தார். "அது அப்படித்தாம்மா. அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

நல்ல டாக்டர். கைராசிக்காரர். ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பதில் வராத கேள்வியோடு அக்காவை வீட்டுக்கு அனுப்புவது நெருப்புக் குச்சியோடு அனுப்புவது மாதிரி.

பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டார். "எனக்குச் சர்க்கரை. உனக்குச் சர்க்கரை இல்ல, நான்தான் காய்ச்சிப் பாத்தம்லா. ஆனா கல்லு உனக்கு. நியாயப்படி அது எனக்கு வரவேண்டிய கல்லு. வழி தெரியாம அடுத்த வீட்டுக்குள்ள பூந்துட்டு."

"அப்ப வெட்டுனதயும் நீ வாங்கிக்கயேன்" என்றேன். சிரித்தால் தையல் போட்ட இடம் வலித்தது.

அன்று சாயங்காலம் அக்கா வந்து, கல் எப்படி வருகிறது என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். அவர் தெரியாது என்று சொல்கிற ரகம் இல்லை. பட்டறையில் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய தொண்டையில் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"இதுல இன்னாக்கா கீது? சக்கரப் பாகு ஆறுனா கல்கண்டாவுதா இல்லியா? அத்த மாறிதான். ஒடம்புல சக்கர ஜாஸ்தியாயி, பித்தத்துல எறங்கி, அப்படியே கெட்டிப்பட்டுக்குது."

"அப்ப இவளுக்குச் சர்க்கரை இல்லையே?"

"இருந்த சக்கர பூரா கல்லுக்குள்ள பூட்ச்சு. வெளில இன்னா இருக்கும்?"

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. எங்கள் நாலு குடித்தனத்தில் யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. பித்தப்பைக் கல் என்றால் சர்க்கரை உறைந்தது என்று அன்றைக்கு முடிவாகிவிட்டது. அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பார்க்க வேண்டுமே.

மறுநாள் காலை அம்மியில் டொக் டொக்கென்று சத்தம். எட்டிப் பார்த்தால் என் கல்லில் ஒன்றை வைத்து நசுக்கிக்கொண்டிருக்கிறார். தூளை எடுத்து நீல மருந்தில் போட்டு விளக்கில் காட்டினார். பம்பில் தண்ணீர் அடிக்க வந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டு நின்றார்கள். வீட்டின் சொந்தக்காரர்கூட வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு எட்ட நின்று பார்த்தார். குழாய் கொதித்தது, பொங்கியது, அடங்கியது.

நீலம். கொஞ்சம்கூட மாறவில்லை.

"இந்தா பாருட்டி, கல்லுல சர்க்கரை இல்ல!" என்று குழாயைத் தூக்கிக் காட்டினார். என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று. அன்றைக்குக் காம்பவுண்டே அக்கா பக்கம். அக்கா அதோடு நிற்காமல் ஒரு முடிவுக்கு வந்தார். கல்லில் சர்க்கரை இல்லை. ஆகவே சர்க்கரைக்கும் கல்லுக்கும் சம்பந்தம் இல்லை. டாக்டர் சும்மா சொல்லியிருக்கிறார். அதுவும் போக, கல் என்றால் வலிக்க வேண்டும். எப்படி வலிக்கும் என்பதை நான் தரையில் உருண்டபோதே அவர் பார்த்துவிட்டார். தனக்கு வலி இல்லை. எனவே தனக்குக் கல் இல்லை.

இத்தனை சுத்தமாகப் பார்த்து இத்தனை தப்பாக முடிவெடுத்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சிலிருந்து வரும் வழியில் கோழி வாங்கினால் பித்தப்பையைத் தனியாகக் கேட்டு வாங்குவார். கறிக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறை. "இன்னாக்கா நீ, ஊரு ஒலகத்துல கல்லீரலு கேப்பாங்கோ, கழுத்து கேப்பாங்கோ. நீ இன்னாடான்னா கசப்பக் கேக்குற. கறி மேல ஒடஞ்சிதுன்னா கொழம்பே நாஸ்தி!"

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வருவார். பச்சையாக, பூந்திக்கொட்டை அளவில் இருக்கும். "உன்கிட்ட இருந்து எடுத்தது இதத்தாம்ட்டி. பாரு, சின்னப் பை. அமுக்குனா சுருங்குது, விட்டா உப்புது." நான் சோறு தின்றுகொண்டிருப்பேன். எத்தனை தடவை கையிலிருந்த தட்டை வீசலாம் என்று நினைத்தேனோ, கர்த்தருக்குத்தான் தெரியும் என்று அக்கா பாணியிலேயே சொல்லலாம்.

இரண்டு மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு கிறிஸ்துமஸ் கழிந்த சமயம் அக்காவின் குழாய் செங்கல் நிறத்திலேயே நின்றுவிட்டது. மாத்திரையைக் கூட்டியும் இறங்கவில்லை. ஊரிலிருந்து அல்வா வந்திருந்தது. அண்ணாச்சி டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டு என்னிடம் வந்து மெதுவாக, "களவாத் திங்காளோன்னு சந்தேகமா இருக்கும்மா" என்றார்.

அக்காவிடம் நேராகவே கேட்டேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "அல்வா துன்றியாக்கா?"

"தொடவே இல்லட்டி. ரெண்டு நாளா வெள்ளரிக்காயும் மோரும்தான். பசியே இல்ல. அப்பிடியும் செவப்பா வருது." கண் பளபளவென்று இருந்தது. "ஒண்ணுமே உள்ள போவல. அப்ப எங்கருந்துட்டி வருது இந்தச் சர்க்கரை? அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

கண் பளபளத்தது ஆசையால் மட்டும் இல்லை. இடுக்கியைப் பிடித்திருந்த கையைத் தொட்டுப் பார்த்தேன். நெருப்பாகக் கொதித்தது.

"ஜொரம் அடிக்கிது, இங்க குந்திகினு கலர் பாத்துகினு கீற! எந்திரி. டாக்டராண்ட போலாம்."

"எங்கயும் வலிக்கலயேட்டி. வலி இல்லாம என்னன்னு சொல்லிப் போறது?"

"நீ ஒண்ணியும் சொல்ல வேணாம். நா சொல்றேன். வா."

இழுத்துக்கொண்டு போனேன். அதே டாக்டர். வயிற்றில் கை வைத்து, வலது விலாவுக்குக் கீழே நன்றாக அழுத்தினார். எனக்கு அந்த இடத்தைத் தொட்டாலே உயிர் போயிருக்கும்.

"வலிக்குதாம்மா?"

அக்கா கூரையைப் பார்த்து யோசித்தார். ஊரிலுள்ள எல்லோரிடமும் எங்கே வலிக்கிறது என்று கேட்டவரிடம் ஒருவர் திருப்பிக் கேட்கிறார்.

"லேசா கல்லு வச்சாப்ல கனமா இருக்கு. வலின்னு சொல்ல முடியாது, டாக்டர்."

டாக்டர் முகம் மாறிவிட்டது. அன்றே ஸ்கேன், அன்றே நர்சிங் ஹோம். பித்தப்பை நிறையக் கல். உள்ளே சீழ் வைத்து, பை அழுக ஆரம்பித்திருந்தது. எப்போது வேண்டுமானாலும் உடையலாம், உடைந்தால் பிழைப்பது கஷ்டம் என்று அண்ணாச்சியிடம் சொன்னார்கள்.

கட்டிலில் படுத்திருந்த அக்கா கேட்டது ஒன்றுதான். "அப்ப ஏன் எனக்கு வலிக்கல?"

இந்தத் தடவை டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதற்காக அவருக்கு நான் பழையதை மன்னித்தேன், முக்கால்வாசி. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். சாப்பிடும்போது பித்தப்பை சுருங்கிப் பித்தத்தை வெளியே தள்ள வேண்டும். ரொம்ப நாள் சர்க்கரை இருந்தால் நரம்புகள் கெட்டுப்போகின்றன. பை சரியாகச் சுருங்குவதில்லை. பித்தம் வெளியே போகாமல் தேங்கித் தேங்கிக் கெட்டியாகிக் கல்லாகிறது. உடம்பில் கொழுப்பு கூடுவதும் அதோடு சேர்ந்துகொள்ளும். சர்க்கரை கல்லுக்குள் போவதில்லை, பையைக் கெடுக்கிறது. வலியைச் சொல்வதும் அந்த நரம்புதான். அதுவும் மந்தமாகிவிட்டால் உள்ளே அழுகினாலும் ஆளுக்குத் தெரியாது. எல்லோருக்கும் அப்படி ஆகாது, சிலருக்கு ஆகும். உள்ளே சீழ் வைத்ததால்தான் பட்டினி கிடந்தும் சர்க்கரை ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "அப்ப சர்க்கரை எனக்குக் கல்லையும் தந்துட்டு, வலிய மட்டும் எடுத்துக்கிட்டுச்சா?" என்றார்.

"அப்படித்தாம்மா வச்சுக்கணும்."

"திருட்டுச் சவம்" என்றார், கெட்டிக்காரப் பிள்ளையைத் திட்டுவதுபோல.

சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் நல்லது, ஆனால் அந்தப் பையை எடுத்தால்தான் சர்க்கரை இறங்கும். காத்திருக்க நேரம் இல்லை. இன்சுலினைப் போட்டுக்கொண்டே உள்ளே கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியோடு நானும் கதவு வரை நடந்தேன்.

"பயமா கீதாக்கா?"

"இருக்குட்டி." என் கையை இறுக்கிப் பிடித்தார். "கல்ல மட்டும் விட்டுராத. கேட்டு வாங்கிரு. வாங்கி, காய்ச்சிப் பாத்துரு."

கதவு மூடியது. அண்ணாச்சி பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதிகம் பேசாத மனுஷன். "கல்யாணத்தன்னைக்கே கேட்டாம்மா. தாலி கட்டும்போது, குனிஞ்ச தல நிமிராமலே, ஏன் மூணு முடிச்சு, ரெண்டு போட்டா அவுந்துருமான்னு கேட்டா. ஐயரு வேதத்தைக் கீழ போட்டுட்டாரு" என்றார். அவர்கள் பாதிரியாரைத்தான் ஐயர் என்பார்கள், பைபிளை வேதம் என்பார்கள். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்தது அழுகையாகப் போயிற்று.

அக்கா பிழைத்தார். ஆனால் மூன்று நாள் கண்ணைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, யாரென்று தெரியாமல் கிடந்தார். அந்தக் கற்களை நான் கேட்டு வாங்கினேன். என்னுடையதுபோல உருண்டையாக இல்லை. கருப்பும் பழுப்புமாக, ரோடு போடும் ஜல்லியைச் சிறிதாக்கியதுபோல இருந்தன. வீட்டுக்கு வந்து, என்னையும் அவரையும் திட்டிக்கொண்டே, அவர் அம்மியில் ஒன்றை நசுக்கி, அவர் குழாயில், அவர் விளக்கில் காய்ச்சினேன். பம்பில் கூட்டம் நின்றது. என் வீட்டுக்காரர், "இன்னா கலரு?" என்று மட்டும் கேட்டார். வீட்டின் சொந்தக்காரர் வேப்பங்குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்து நின்றார்.

நாலாம் நாள் போனபோது அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"காய்ச்சினியா?"

"காய்ச்சினேன்."

"என்ன நிறம்?"

"நீலம்தான். உன் கல்லுலயும் சக்கர இல்ல."

திருப்தியாகத் தலையாட்டினார். அப்புறம் உடம்பைக் கொஞ்சம் அசைத்தார். முகம் சட்டென்று சுருங்கியது. கையைக் கட்டுப் போட்ட இடத்தின் மேல் வைத்து, மெதுவாக அழுத்தினார்.

"ஏட்டி!"

"இன்னாக்கா? நர்ஸக் கூப்டவா?"

"வலிக்குட்டி!" கண்ணில் தண்ணீர் நின்றது. வாயெல்லாம் சிரிப்பு. "நல்லா வலிக்கு. இந்தா இங்கன, சுருக்குன்னு. இழுக்கு, எரியுது. எனக்கு வலிக்குட்டி!"

"கைய எட்றி பைத்தியமே, தையலு பிரிஞ்சிடும்!" என்று கத்தினேன். அக்காவை நான் ‘வாடி போடி’ என்று பேசியது அந்த ஒரு தடவைதான். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. கை கட்டின் மேலேயே இருந்தது. நெற்றி மடிந்தது. எனக்கு அந்த முகம் தெரியும்.

"ஏட்டி, அப்ப வெளித்தோலு வலிக்கு. உள்ள இருந்த பை மட்டும் வலிக்கல. தோலுக்கு ஒரு நரம்பு, பைக்கு வேற நரம்பா? சர்க்கரை ஒண்ணத் தின்னுட்டு இன்னொண்ண ஏன் விட்டுச்சு?"

"தெரியாதுக்கா."

"போ. போயி டாக்டரக் கூட்டிட்டு வா."

திட்டிக்கொண்டே போய்க் கூட்டிவந்தேன்.